தண்ணீர்மலையின் தண்ணீர்

தண்ணீர்மலை என்னும் பெயரைக் கேளாத தமிழர் பினாங்கில் எவரும் இரார். தைப்பூச நாளின் தண்ணீர்ப் பந்தல்களையும், சாலையோரம் குன்றெனக் குவிந்து உடைபடும் தேங்காய்களையும், வெள்ளித் தேரையும், பாலதண்டாயுதபாணி திருக்கோயிலுக்கு ஏறும் படிகளையும் எங்கள் மாணவச் செல்வங்கள் தொட்டிற் பருவம் முதலே அறிவர். ஆயினும் இயற்கைக் கழகத்தின் முதற்கூட்டத்தில், “அம்மலைக்கு அப்பெயரைத் தந்த தண்ணீர் எது? அது எங்கிருந்து வருகிறது? எங்கே போகிறது?” என்று நாங்கள் வினவியபோது வகுப்பறை அமைதியாயிற்று. ஒரு மாணவன் மட்டும் எழுந்து, “குழாயிலிருந்து வருகிறது, டீச்சர், பந்தலுக்குப் போகிறது” என்றான். மற்றவர் நகைத்தனர். அவன் விடை நகைப்புக்குரியதன்று. ஆண்டுதோறும் அவன் கண்ணாரக் கண்டது அதுவே.

அவ்வினாவே இவ்வாண்டு எங்கள் கழகத்தின் பாடமாயிற்று. கல்விச் சுற்றுலா என்றால் பொதுவாக நிகழ்வது யாதென நாம் அனைவரும் அறிவோம். விடியற்காலையில் பேருந்து புறப்படும். கார்ன்வாலிஸ் கோட்டை, அருங்காட்சியகம், வண்ணத்துப்பூச்சிப் பண்ணை, கடற்கரை என ஒரே நாளில் நான்கைந்து இடங்கள். ஒவ்வோரிடத்திலும் ஒரு வரிசை, ஒரு புகைப்படம், ஒரு தலையெண்ணிக்கை. மாலையில் ஐஸ்கிரீமுடன் வீடு திரும்புவர். அம்மகிழ்ச்சியை நாங்கள் குறைத்து மதிக்கவில்லை. குழந்தைகளுக்கு அதுவும் வேண்டும். ஆனால் மறுநாள் கட்டுரை எழுதச் சொன்னால், எல்லா ஏடுகளிலும் பேருந்தும் சாப்பாடுமே பெரிதாக இடம்பெறும். கண்ட பொருள் எதனோடும் பழகுவதற்கு அவர்களுக்கு நேரம் இருந்ததில்லை. ஆகவே இடங்களைக் குறைத்து, ஒரே ஓடையைப் பற்றிக்கொண்டு, அது செல்லும் வழியெல்லாம் பலமுறை சென்று வருவதெனத் தீர்மானித்தோம்.

அவ்வோடையின் வழி இது. கொடிமலைச் சரிவுகளில் பெய்யும் மழை அருவியாக வீழ்ந்து, தாவரவியல் பூங்காவின் ஊடே ஓடுகிறது. மலாய் மொழியில் அதற்குச் சுங்கை ஆயர் தெர்ஜுன், அதாவது அருவியாறு என்று பெயர். நகருக்குள் இறங்கியபின், ஆயர் ஈத்தாம் பக்கமிருந்து வரும் ஆறு அதனோடு கலக்கிறது. இரண்டும் ஒன்றாகிச் சுங்கை பினாங்கு என்னும் பெயர் பெற்று, ஜெலுத்தோங் அருகே கடலை அடைகின்றன. பினாங்கு என்னும் மலாய்ச் சொல்லுக்குப் பாக்கு என்பது பொருள். இத்தீவின் பெயரையே தாங்கி ஓடும் ஆறு அது. குறிஞ்சியிற் பிறந்து நெய்தலில் முடியும் நீரை ஒரே முற்பகலில் முழுவதும் கண்டுவிடலாம். இத்தகைய வாய்ப்புப் பெருநாடுகளின் பிள்ளைகளுக்கும் எளிதிற் கிட்டுவதன்று.

முதற்பயணம் தாவரவியல் பூங்காவுக்கு. கல்வி அலுவலக அனுமதி, பெற்றோர் ஒப்புதற் கடிதம், பூங்கா நிர்வாகத்தின் இசைவு ஆகியவற்றைப் பெறுவதற்குச் சில வாரங்கள் ஆயின. கருவிகளுக்கோ செலவே இல்லை. தேநீர் வடிகட்டிகள், வெள்ளைத் தட்டுகள், இரண்டு உருப்பெருக்கிக் கண்ணாடிகள், ஒரு வெப்பமானி, அளவு குறித்த கயிறு, ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழத்தோல். பழத்தோல் எதற்கென்று பலரும் கேட்டனர். ஆற்றின் வேகத்தை அளக்க அதனினும் சிறந்த பொருள் இல்லை. நீரில் மிதக்கும், தொலைவிலிருந்தும் கண்ணுக்குத் தெரியும், தப்பிப் போனாலும் தீங்கில்லை. பத்து மீட்டர்க் கயிற்றைக் கரையில் நீட்டி, தோலை மிதக்கவிட்டு, அது கடக்கும் விநாடிகளை எண்ணினால் வகுத்தற் கணக்குத் தானே வந்துவிடும். கரும்பலகையின் முன் வகுத்தலுக்கு அஞ்சும் மாணவர் சிலர், அன்று கரையோரம் ஓடியபடியே வகுத்தனர்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மலையோடைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர் முதலிற் பார்க்க வேண்டியது நீரையன்று, மலையுச்சியின் வானத்தை. கீழே வெயில் காயும்போதே மேலே மழை பெய்திருக்கலாம். அப்போது ‘கெப்பாலா ஆயர்’ என்று இந்நாட்டார் வழங்கும் திடீர்ப் பெருக்கு எழும். தெளிந்த நீர் கலங்குவதும், சருகும் சுள்ளியும் மிகுதியாக மிதந்து வருவதும் அதன் முன்னறிகுறிகள். ஊதல் ஒலித்தவுடன் கேள்வி கேளாமல் கரையேற வேண்டுமென்று பள்ளித் திடலிலேயே மும்முறை பயிற்சி அளித்தோம். காலிலோ கையிலோ புண் உள்ளவர் நீரில் இறங்கலாகாது என்பதும் விதி. எலியின் சிறுநீர் கலந்த நீர் வழியே எலிக்காய்ச்சல் பரவும். கரையில் அமர்ந்து குறிப்பெழுதும் பணியை அத்தகையோர்க்குக் கொடுத்தோம். அவர்கள் ஏடுகளே மிகச் சிறப்பாக அமைந்தன என்பது வேறு செய்தி.

அப்பூங்கா 1884-இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் என்பவரின் பொறுப்பில், கைவிடப்பட்ட கருங்கற் சுரங்கமொன்று இருந்த இடத்தில் உருவாயிற்று. கல்லுடைத்த பள்ளத்தை அவர் சோலையாக்கினார். 1910-ஆம் ஆண்டையொட்டி, நகரின் தண்ணீர்த் தேவைக்காக அவ்விடத்தையே நீர்த்தேக்கமாக மாற்றிவிடும் எண்ணம் எழுந்தது. அது நிறைவேறியிருந்தால் பூங்கா இன்று நீருக்கடியில் இருந்திருக்கும். தீவின் குடிநீருக்கு அவ்வருவி எத்துணை இன்றியமையாததாக விளங்கிற்று என்பதற்கு அதுவே சான்று. ஜார்ஜ் டவுன் சிறு துறைமுகமாக இருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மலைநீரைக் கால்வாய் கட்டி ஊருக்குள் கொணர்ந்தனர். பின்னர் 1962-இல் ஆயர் ஈத்தாம் அணையும், 1999-இல் தெலுக் பகாங் அணையும் எழுந்தன. இன்றோ மாநிலத்தின் நீரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு பெருநிலத்தின் சுங்கை மூடாவிலிருந்து வருகிறது. 2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் பெரிய வால்வை மாற்றுவதற்காகப் பல பகுதிகளில் நாட்கணக்கில் நீர் நிறுத்தப்பட்டதை மாணவர் மறந்திலர். வாளி சுமந்த கைகளுக்கு இவ்வரலாறு எளிதில் விளங்கிற்று.

ஓடையில் கண்டவை பல. நீரின்மேல் கால் நனையாமல் நடக்கும் பூச்சி. கண்ணாடிபோல் உடல் தெளிந்த சிறு இறால். பாறையின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த மூவால் பூச்சி. தும்பி பறக்கும் பருவத்திற்கு முன் நீருக்குள் வாழ்கிறது என்பதைப் பாடநூலிற் படித்திருந்தும் ஒருவரும் நம்பவில்லை போலும். தட்டில் அது ஊர்ந்தபோது எழுந்த கூச்சலே அதற்குச் சான்று. மாணவி ஒருத்தி மணல்துகள்கள் ஒட்டிய குச்சி போன்ற ஒன்றை எடுத்தெறியப் போனாள். அது அசைந்தது. உருப்பெருக்கியில் நோக்கியவள், “டீச்சர், இது குச்சி இல்லை, வீடு!” என்று கூவினாள். மணலை ஒட்டித் தனக்குக் கூடு கட்டிக்கொள்ளும் புழு அது. இவ்வுயிர்கள் யாவும் தெளிந்த, காற்று நன்கு கரைந்த நீரில் வாழ்வன. எண்ணி முடித்தபின் எல்லாவற்றையும் எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டோம்.

உயிர்களைக் கண்டறிந்தும் அவற்றைப் பெயர் சொல்லி அழைக்க மாணவர் திணறினர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களைப் பெயர் சொல்லி அடுக்கினார். எங்கள் மாணவரோ பூங்கா முழுவதும் சுற்றி வந்தும் ஒன்பது மரங்களுக்குத் தமிழ்ப்பெயர் எழுத இயலாமல் நின்றனர். அவர்தம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் தோட்டப்புறங்களில் வாழ்ந்து, பால் மரத்தையும் காட்டுக் கீரைகளையும் பச்சிலைகளையும் கைரேகைபோல் அறிந்தவர்கள். அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த இரண்டு தலைமுறைக்குள் அச்சொற்கள் பேரர்களை எட்டாமற் போயின. ஆகையால் வீட்டுப்பாடமாக, “பாட்டியிடம் பத்துச் செடிகளின் பெயரைக் கேட்டு வருக” என்றோம். மறுவாரம் கீழாநெல்லி, குப்பைமேனி, தொட்டாற்சிணுங்கி, பெரணி என்று ஏடுகள் நிறைந்தன. மருத்துவமனையில் இருந்த பாட்டியிடம் தொலைபேசியிற் கேட்டு எழுதி வந்த சிறுவனும் உண்டு. பாட்டி அரை மணி நேரம் சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

இம்முறை புதிதன்று. கர்ட்டிஸ் காலத்தில் அப்பூங்காவிற் பணியேற்றுப் பல்லாண்டு உழைத்த முகமது ஹனீஃப், மலாய்க் கிராம மக்கள் எந்தச் செடியை எந்நோய்க்கு எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்பதைத் திரட்டினார். பர்க்கில் என்னும் தாவரவியலாருடன் இணைந்து அவர் எழுதிய மலாய்க் கிராம மருத்துவம் பற்றிய ஆய்வு 1930-இல் வெளிவந்தது. ஊராரிடம் கேட்டு எழுதியதே அவ்வாய்வின் வலிமை. எங்கள் மாணவரின் ஏட்டுக்கும் அவர் ஏட்டுக்கும் அளவில்தான் வேறுபாடு என்று நாங்கள் கூறியபோது, சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தனர்.

நாகலிங்க மரத்தடியில் ஒரு வியப்புக் காத்திருந்தது. பூவிதழ்கள் படமெடுத்த நாகம்போல் கவிந்து நடுவில் இலிங்கம் போன்ற வடிவம் தோன்றுவதால், சிவன் கோயில்களில் அம்மரம் போற்றப்படுகிறது. அது தமிழகத்தின் பழமையான மரமென்றே மாணவர் எண்ணினர். அதன் தாயகம் தென்னமெரிக்கா. தூங்குமூஞ்சி மரமும் தொட்டாற்சிணுங்கியும் அவ்வாறே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. “அப்படியானால் அவையும் நம் தாத்தாவைப் போலக் கப்பலில் வந்தவையா?” என்று ஒருவன் வினவினான். ஆம் என்றோம். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

குரங்குகளைப் பற்றி எழுதாவிடில் மாணவர் எங்களை மன்னிக்க மாட்டார். பூங்காவில் நீள்வாற் குரங்குகள் மிகுதி. கண்களைச் சுற்றி வெண்வளையம் உடைய கருங்குரங்குகளும் மரங்களின் மேல் உண்டு. அவற்றின் குட்டிகள் செம்பொன் நிறமானவை. முன்னவை நெகிழிப்பையின் சலசலப்பைக் கேட்டதும் இறங்கி வரும். உணவளிப்பது அங்கே தடைசெய்யப்பட்டிருந்தும், அளிப்போர் இருப்பதால் வந்த பழக்கம் அது. எங்கள் ரொட்டிகள் துணிப்பைக்குள் ஒலியின்றி இருந்தன. அடுத்த குழுவினரின் பை ஒன்று மரமேறிப் போயிற்று.

இதுவரை எல்லாரும் மகிழ்ந்தனர். இரண்டாம் பயணம் சுங்கை பினாங்கின் முகத்துவாரத்திற்கு என்று அறிவித்தபோதுதான் எதிர்ப்பு எழுந்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் தாய் ஒருவர் எழுந்து, “டீச்சர், அந்த நாற்றமெடுத்த ஆற்றைக் காட்டத்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறோமா? மலைக்கே மறுபடியும் கூட்டிப் போங்களேன்” என்றார். தந்தை ஒருவர், தேர்வுக்கு உதவாத வெயிலில் அலைவதால் என்ன பயன் என்றார். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்ட பின்னும் அதன் நிழல் நம் வீடுகளை விட்டு நீங்கவில்லை. அவர்கள் கவலையை நாங்கள் எள்ளளவும் இழிவாக எண்ணவில்லை. பிள்ளையின் கால் சேற்றில் படக்கூடாதென்று உழைத்து உழைத்து முன்னேறிய குடும்பங்கள் அவை.

எனினும் எங்கள் கருத்தை எடுத்துரைத்தோம். கொடிமலையும் பூங்காவும் அடங்கிய 12,481 ஹெக்டேர் நிலப்பரப்பை யுனெஸ்கோ 2021 செப்டம்பரில் உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றுச் சிறப்பித்துள்ளது. அதன் அழகைக் காட்டவும் காக்கவும் பலர் உளர். அதே நீர் கீழே வந்து என்னாகிறது என்பதைக் காட்டுவோர் யார்? எங்கள் மாணவரிற் பெரும்பாலோர் வசிப்பது மலையில் அன்று, கீழேதான். 1977 அக்டோபரில் ஜார்ஜியாவின் திபிலிசி நகரில் யுனெஸ்கோவும் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டமும் கூட்டிய மாநாடு, இளம் பிள்ளைகளுக்கு அவரவர் வாழும் சூழலையே முதன்மையாகக் கொண்டு சுற்றுச்சூழற் கல்வி புகட்ட வேண்டுமென்று வகுத்தது. வாழும் சூழல் என்பதில் சாக்கடையும் அடங்கும்.

சேற்றில் என்ன பாடம் என்ற கேள்விக்கும் விடை அண்மையிலேயே உண்டு. பினாங்குக் கரையோர மீனவர் நலச் சங்கத்தினர் 1997 முதல் கடலோரச் சேற்றில் கண்டல் மரக்கன்றுகளை நட்டு வருகின்றனர். பள்ளிப் பிள்ளைகளையும் முழங்காற் சேற்றில் இறக்கி நடக் கற்பிக்கின்றனர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இம்மாநிலத்தில் 52 உயிர்களைக் கொண்டு சென்றது. தமிழகத்தின் கடலூர்க் கரையில், கண்டற்காடுகளின் பின்னிருந்த ஊர்கள் குறைந்த சேதமே கண்டன என்று அதன்பின் ஆய்வாளர் காட்டினர். இவற்றையெல்லாம் கேட்டபின் அத்தாய், தாமும் உடன்வருவதாகக் கூறினார். வந்தார், எல்லார்க்கும் முன்னால் கையுறை அணிந்தவரும் அவரே.

முகத்துவாரத்தில் யாரும் நீரில் இறங்கவில்லை. வாளியைக் கயிற்றிற் கட்டி இறக்கி நீர் மொண்டோம். கண்ணாடிக் குழாயின் அடியில் ஒட்டிய கறுப்புப் புள்ளி, பூங்கா நீரில் முழு உயரத்திற்கும் தெரிந்தது; இங்கே நான்கு விரற்கடை நீரிலேயே மறைந்தது. கரைச்சேறு கருமையாக இருந்தது. கிளறினால் குமிழிகள் எழுந்து, அழுகிய முட்டையின் நாற்றம் வீசிற்று. நீரிற் கரைந்த காற்றை அழுக்கு தின்று தீர்த்துவிட்டால், காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் அங்கே குடியேறி இந்நாற்றத்தை உண்டாக்கும் என்று விளக்கினோம். ஆயினும் ஆறு இறந்துவிடவில்லை. கொக்குகள் நின்றன. நீர் உடும்பு ஒன்று மிதவைக் குப்பைகளுக்கிடையே தலைநீட்டி நீந்திற்று. செம்பருந்து வட்டமிட்டது. நாற்றத்திற்கு மூக்கைப் பொத்தியிருந்த கைகள் ஒவ்வொன்றாக விலகி அவற்றைச் சுட்டலாயின.

மலேசியச் சுற்றுச்சூழல் துறை ஆற்று நீரை ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கிறது என்பதை அங்கே கூறினோம். முதலாம் வகுப்பு மிகத் தூயது. ஐந்தாம் வகுப்பு எதற்கும் உதவாதது. “நாங்கள் வகுப்பு ஏற ஏறப் பெரியவர்கள் ஆகிறோம், ஆறு வகுப்பு ஏறினால் கெட்டுப்போகிறதே!” என்றாள் மாணவி ஒருத்தி. அதன்பின் அவளே கேட்ட வினாத்தான் ஆண்டின் எஞ்சிய பகுதியை ஆட்கொண்டது. “டீச்சர், மேலே இறால் இருந்தது; இங்கே இல்லை. இறால் எந்த இடத்தில் நின்றது?”

நல்ல வினா. மேலே தூய்மை, கீழே அழுக்கு என்று மட்டும் சொன்னால், இடையில் ஏதோ ஒரு பெரிய தொழிற்சாலை குற்றவாளியாக நிற்கும் என்று பிள்ளைகள் கருதிக்கொள்வர். உண்மையில் மாணவர் பலர் அத்தொழிற்சாலையைத் தேடும் ஆவலுடனேயே மூன்றாம் பயணத்திற்கு வந்தனர். பூங்கா வாயிலிலிருந்து தொடங்கி, ஆற்றை அணுகத்தக்க ஒவ்வொரு பாலத்தடியிலும் நின்று, வடிகட்டியை இட்டுப் பார்த்தோம். 1997-இல் தொடங்கப்பட்ட வாட்டர் வாட்ச் பினாங்கு போன்ற அமைப்புகள் பள்ளி மாணவர்க்கு ஆற்றை அளந்தறியப் பயிற்சி அளித்து வந்துள்ளன. அத்தகைய அட்டவணையையே எளிமையாக்கிக் கொண்டோம். பூங்காவைத் தாண்டிய இரண்டாம் நிறுத்தத்தில் மூவால் பூச்சி இல்லை. அடுத்ததில் தும்பிக்குஞ்சு இல்லை. அதற்கடுத்து ஒரு கற்காரைக் கால்வாய் வந்து சேருமிடத்தில் இறாலும் நின்றுவிட்டது. அங்கே சேற்றில் நூல்போன்ற செம்புழுக்கள் நெளிந்தன. காற்று குறைந்த நீரிலும் வாழும்பொருட்டு அவற்றின் உடலில், நம் இரத்தத்திற்குச் செந்நிறம் தரும் பொருளே அமைந்திருக்கிறது. அருவருப்புடன் நோக்கிய சிறுவர்கள் அச்செய்தியைக் கேட்டபின் மரியாதையுடன் நோக்கினர்.

தொழிற்சாலை அங்கே இல்லை. வீடுகளின் பின்புறக் குழாய்களும், உணவுக்கடைகளின் கழுநீரும், வாகனம் கழுவும் சோப்பு நுரையும் சிறிது சிறிதாக வந்து சேர்ந்தன. ஆயர் ஈத்தாம் ஆற்றோரம் வண்ணான்துறை என்று நம்மவர் அழைக்கும் இடத்தையும் கண்டோம். நம் முன்னோரிற் சிலர் அவ்வாற்றங்கரையில் வெள்ளைத் துணிகளைத் துவைத்து வெளுத்து இந்நகர மாந்தரை உடுத்திய காலம் ஒன்று இருந்தது. வெள்ளைத்துணி வெளுக்கத்தக்க நீர் அப்போது ஓடிற்று என்பதற்கு வேறு ஆய்வு வேண்டுவதில்லை.

ஜாலான் பி. ரம்லி பகுதியில் வசிக்கும் மாணவன் ஒருவன் தன் வீட்டுச் சுவரில் நீர் நின்ற கறையை இன்றும் காணலாம் என்றான். 2017 நவம்பர் 4, 5 ஆகிய நாட்களின் பெருமழையில் பினாங்கு மாநிலத்தில் ஏழு பேர் உயிரிழந்தனர். அவன் அப்போது கைக்குழந்தை. அண்ணன் தோளில் ஏறித் தப்பியதாகத் தாய் கூறுவாராம். பெருமழையும் கடலேற்றமும் ஒன்றுசேரும் நாளில் ஆற்றுநீர் கடலுக்குள் செல்ல வழியின்றி ஊருக்குள் திரும்பும். குப்பையால் கால்வாய்கள் அடைபட்டிருந்தால் சொல்ல வேண்டியதில்லை.

ஆற்றைத் தூய்மையாக்க நிகழ்ந்த முயற்சிகளையும் மாணவர்க்கு எடுத்துரைத்தோம். 2009 ஆகஸ்டு 8 அன்று, நுண்ணுயிர்க் கலவை சேர்த்துப் பிசைந்த மண்ணுருண்டைகளைப் பொதுமக்களும் மாணவரும் திரளாகக் கூடிப் பினாங்கின் நீர்நிலைகளில் எறிந்தனர். ஆர்வம் பெரிது. ஆனால் அவ்வுருண்டைகளின் பயனைப் பற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. எங்கள் எண்ணம் வெளிப்படையானது: மேலிருந்து அழுக்கு வந்துகொண்டே இருக்கையில், கீழே உருண்டை எறிவது ஓட்டைப் பானையில் நீர் இறைப்பதை ஒக்கும். பிள்ளைகள் உருண்டை எறியத்தான் விரும்பினர் என்பதையும் மறைப்பதற்கில்லை.

அவர்களுக்கு வேறொரு வேலை வாய்த்தது. மீதமிருந்த ஆரஞ்சுத் தோலை ஒருவன் எங்கள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையின் பின்புறக் கால்வாயில் மிதக்கவிட்டான். ஐந்தாம் ஆண்டு மாணவர் எழுவர், ஆசிரியர் இருவர் துணையுடன் அதைப் பின்தொடர்ந்தனர். தோல் மதிற்சுவரைத் தாண்டி, சாலையின் அடியிற் புகுந்து, மறுபுறம் வெளிப்பட்டு, பெருங்கால்வாயில் விழுந்தது. அப்பெருங்கால்வாய் சேரும் இடத்தை அவர்கள் முன்பே அறிவர். வடிகட்டியுடன் நின்ற இடம் அது. பிற்பகல் முழுவதும் எழுவரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தனர்.

தட்டு கழுவும் நீரோடு செல்லும் எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. நீரை மெல்ல ஓடவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும், கசடு அடியில் தங்கும், இடையிலுள்ள நீர் மட்டும் வெளியேறும். அவ்வளவே அதன் தத்துவம். மாணவர் வரைபடத்துடன் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் முன் நின்று பேசினர். நாங்கள் வாய் திறக்கவில்லை. தேர்வைப் பற்றி முன்பு கேட்ட தந்தையே பெட்டியின் விலையை விசாரித்து வந்தார். சிற்றுண்டிச்சாலை நடத்தும் அக்கா ஒரு நிபந்தனையோடு உடன்பட்டார்: “பிள்ளைகள் மிச்சச் சோற்றைக் குப்பைக்கூடையில் தட்டிவிட்டுத்தான் தட்டைக் கழுவப் போட வேண்டும், இல்லையென்றால் பெட்டி இரண்டே நாளில் அடைத்துக்கொள்ளும்.” நிபந்தனை நியாயமானது. முதல் வாரத்தில் பலர் மறந்தனர், அக்கா மறக்கவில்லை.

பெட்டி பொருத்தப்பட்டு இரண்டாம் பருவம் நடக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் அக்கா அள்ளியெடுக்கும் கசடை மாணவர் எடைபோட்டுச் சுவரொட்டியிற் குறிக்கின்றனர். பண்டிகை நாட்களை ஒட்டிய வாரங்களில் எடை கூடுவதை அவர்களே கண்டறிந்தனர். வகுப்பறையில் தொங்கும் ஆற்று வரைபடத்தில், இறால் நின்ற இடத்திற்கு ஒரு சிவப்புக் குண்டூசி செருகப்பட்டுள்ளது. வரும் ஆண்டு கழகத்தில் சேரும் நான்காம் ஆண்டு மாணவர் முதற்பயணத்தில் அதே பாலத்தடியில், அதே வடிகட்டிகளை இடுவர். குண்டூசியை இடம்பெயர்க்கும் உரிமை அவர்களுடையது.